கீழே வைக்க மனம் வராத ஏழு துண்டுகள்

1984-ஆம் ஆண்டு ஜூன் மாதம். மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாதமியின் கணினி மையத்தில் அலெக்சி பஜித்னோவ் என்ற இளம் ஆய்வாளர் வேலை பார்த்துவந்தார். செயற்கை நுண்ணறிவும், மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைப்பதும் அவருடைய ஆராய்ச்சித் துறைகள். ஆனால் மையத்துக்குப் புதிய கணினி வந்தால், அதன் திறனைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர் எழுதிப் பார்த்ததெல்லாம் விளையாட்டுகளையும் புதிர்களையும்தான். அப்படி எழுதிய ஒன்று அவருடைய வாழ்க்கையையே திசை திருப்பப்போகிறது என்பதை அந்தக் கோடையில் அவர் அறிந்திருக்கவில்லை.

அவருக்கு வாய்த்த இயந்திரத்தின் பெயர் எலெக்ட்ரானிகா 60. அமெரிக்காவின் பிடிபி-11 வகைக் கணினியை ஒட்டிச் சோவியத்தில் தயாரானது. அதில் படம் வரையும் வசதி கிடையாது. நிறமும் இல்லை. திரையில் எழுத்துகளும் எண்களும் குறிகளும் மட்டும்தான் தெரியும். அந்தத் திரையில் விளையாட்டு எழுத நினைத்த பஜித்னோவுக்குச் சிறுவயதிலிருந்து பிடித்த ஒரு புதிர் நினைவுக்கு வந்தது.

பென்டோமினோ என்ற அந்தப் புதிரில் பன்னிரண்டு துண்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஐந்து சதுரங்கள் ஒட்டிய ஒரு வடிவம். எல்லாவற்றையும் இடைவெளி விடாமல் ஒரு பெட்டிக்குள் அடுக்க வேண்டும். கொட்டிக் கலைப்பது எளிது, திரும்ப அடுக்குவதுதான் பெரும்பாடு. இதையே கணினிக்குக் கொண்டுவர அவர் முனைந்தார். ஆனால் அவசரமில்லாமல் உட்கார்ந்து யோசிக்கும் புதிராக அது இருந்தவரை திரையில் உயிர் பிடிக்கவில்லை. துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலிருந்து விழுந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தபோதுதான் கதை சூடு பிடித்தது.

விழும் நேரத்துக்குள் பன்னிரண்டு வடிவங்களில் எது வருகிறது, எப்படித் திருப்புவது என்று முடிவெடுப்பது மனத்துக்கும் பாரம், அந்தக் கணினிக்கும் பாரம். பஜித்னோவ் ஒரு சதுரத்தைக் கழித்தார். நான்கு சதுரங்களால் ஆன வடிவங்கள் மொத்தம் ஏழுதான். ஏழு என்பது மனத்தில் பதிய வசதியான எண். திரையில் படம் வரைய முடியாததால் அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சதுரமாக்கினார். துண்டுகள் விழுந்தன, திரும்பின, அடுக்கிக்கொண்டன. ஆனால் சில நொடிகளிலேயே திரை நிரம்பி ஆட்டம் முடிந்துபோனது. விளையாட்டு பிறந்த இடத்திலேயே செத்துவிடும் போலிருந்தது.

மேல்வரை நிரம்பிக் கிடந்த அந்தத் திரையை உற்றுப் பார்த்தபோது அவருக்கு ஒன்று புலப்பட்டது. இடைவெளி இல்லாமல் நிரம்பிய வரிசைக்கு இனி எந்த வேலையும் இல்லை. அது இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கிறது. அதை அழித்துவிட்டால் மேலே இருப்பவை ஒரு படி கீழே இறங்கும், விளையாட இடம் பிறக்கும். அப்படியே நிரலில் எழுதினார். நிரம்பிய வரிசை மறைந்தது. சில நொடி ஆட்டம் முடிவில்லாத ஆட்டமானது.

அந்த ஒரு மாற்றத்தில்தான் விளையாட்டின் மொத்த மாயமும் அடங்கியிருந்தது. சரியாகச் செய்ததெல்லாம் கண்ணெதிரே மறைந்துவிடும். தவறாக வைத்த துண்டு மட்டும் போகாமல் நின்று உறுத்தும். அதைச் சரிசெய்யாமல் எழுந்து போக மனம் வராது. அந்த வலையில் முதலில் சிக்கியவர் அதைப் பின்னியவரேதான். நிரலில் பிழை திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு தாம் ஆடிக்கொண்டே இருந்ததைப் பின்னாளில் பஜித்னோவ் ஒப்புக்கொண்டார். நான்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தமக்குப் பிடித்த டென்னிஸைச் சேர்த்து அதற்கு அவர் வைத்த பெயர் டெட்ரிஸ்.

எலெக்ட்ரானிகா வீடுகளில் இருக்கும் கணினி அல்ல. ஐபிஎம் கணினியில் ஓடினால்தான் டெட்ரிஸ் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகும். உதவிக்கு வந்தவர்கள் இருவர்: சக ஆய்வாளர் திமித்ரி பவ்லோவ்ஸ்கி, மையத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்த வதீம் கெராசிமோவ் என்ற 16 வயதுப் பள்ளி மாணவர். கெராசிமோவ் அதை ஐபிஎம் கணினிக்கு மாற்றி நிறம் கொடுத்தார். விற்பனைக்குக் கடையும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஃபிளாப்பி டிஸ்க்கில் ஒருவர் இன்னொருவருக்கு நகலெடுத்துக் கொடுத்தே அது மாஸ்கோ முழுக்கப் பரவியது. பஜித்னோவின் நண்பரான உளவியலாளர் விளாதிமிர் போகில்கோ தம் மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு நகல் கொண்டுபோனார். அங்கே வேலை ஓடவில்லை. எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்த நகல்களை அவரே அழிக்க வேண்டியதாயிற்று. ஆனால் இன்னொரு நகல் அதற்குள் எல்லை தாண்டிவிட்டிருந்தது.

அது போய்ச் சேர்ந்த இடம் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட். 1986-இல் லண்டனிலிருந்து ராபர்ட் ஸ்டைன் என்ற மென்பொருள் வணிகர் அங்கே வந்தார். ஒரு கணினித் திரையில் துண்டுகள் விழுவதைப் பார்த்தார், உட்கார்ந்து ஆடினார், எழுந்திருக்க மனம் வரவில்லை. விளையாட்டில் நாட்டமில்லாத தம்மையே அது பிடித்து நிறுத்துகிறது என்றால் அதில் பெரும் பணம் இருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். மாஸ்கோவுக்கு டெலெக்ஸ் அனுப்பினார். ஆர்வமாக இருப்பதாகப் பஜித்னோவிடமிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஸ்டைன் உரிமையை விற்றார்.

சோவியத் நாட்டில் அரசு நிறுவனத்தில் உருவான நிரல் அரசுக்கே சொந்தம். விற்கும் அதிகாரம் பஜித்னோவுக்கே இல்லாதபோது ஸ்டைன் விற்றது எதை? 1988-இன் தொடக்கத்தில் மாஸ்கோவின் புனித பசில் தேவாலயப் படம் போட்ட அட்டைப்பெட்டியில் டெட்ரிஸ் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. மென்பொருள் ஏற்றுமதியைக் கவனித்த எலோர்க் என்ற சோவியத் நிறுவனம் விழித்துக்கொண்டு ஸ்டைனோடு ஒப்பந்தம் போட்டது அதற்குப் பிறகுதான். அந்த ஒப்பந்தம் கொடுத்தது கணினிகளுக்கான உரிமையை மட்டும். ஆனால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிய உரிமை, தொலைக்காட்சிப் பெட்டியில் செருகி ஆடும் வீடியோ கேம்கள் வரை போய்விட்டிருந்தது.

அதே 1988 ஜனவரியில் லாஸ் வேகஸ் மின்னணுக் கண்காட்சியில் ஹென்க் ரோஜர்ஸ் வரிசையில் நின்று டெட்ரிஸ் ஆடினார். நெதர்லாந்தில் பிறந்து, ஜப்பானில் விளையாட்டு நிறுவனம் நடத்தியவர் அவர். கண்காட்சியில் பார்க்க எத்தனையோ புதிய விளையாட்டுகள் இருந்தன. அவரோ அதே வரிசையில் மறுபடி மறுபடி போய் நின்றார். ஜப்பானுக்கான உரிமையை வாங்கினார். அப்போது நின்டெண்டோ நிறுவனம் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அதோடு மரியோ விளையாட்டைக் கொடுத்தால் சிறுவர்கள் வாங்குவார்கள், டெட்ரிஸைக் கொடுத்தால் எல்லா வயதினரும் வாங்குவார்கள் என்று நின்டெண்டோவின் அமெரிக்கத் தலைவர் மினோரு அரகாவாவிடம் ரோஜர்ஸ் வாதாடினார். அரகாவா இசைந்தார். ஆனால் கையடக்கக் கருவிக்கான உரிமை யாரிடமும் இல்லை. அதைத் தேடி ரோஜர்ஸ் விமானம் ஏறினார்.

1989 பிப்ரவரி. சுற்றுலா விசாவில் மாஸ்கோ வந்திறங்கிய ரோஜர்ஸுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. சுற்றுலாப் பயணி வணிகம் பேசுவது சட்டப்படி குற்றம். மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக்கொண்டு, அழைப்பு இல்லாமலேயே எலோர்க் அலுவலகத்துக்குள் நுழைந்தார். உரிமைகளைக் கவனித்த நிகொலாய் பெலிக்கோவ் முன்னால், ஜப்பானில் தாம் விற்றுவந்த டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜைப் பெருமையோடு எடுத்து வைத்தார். பெலிக்கோவின் முகம் மாறியது. வீடியோ கேமுக்கான உரிமையை எலோர்க் யாருக்குமே கொடுத்ததில்லை.

ரோஜர்ஸ் மழுப்பவில்லை. யாரிடமிருந்து எப்படி வாங்கினார் என்று உள்ளதை உள்ளபடி விளக்கினார். விற்றவற்றுக்கான பங்கைக் காசோலையாக எழுதிக் கொடுத்தார். அறையில் இருந்த பஜித்னோவுக்கு அவரைப் பிடித்துப்போனது. விளையாட்டை உருவாக்கத் தெரிந்த ஒருவரை அந்த வணிகக் கூட்டத்தில் அவர் பார்த்தது அதுவே முதல் முறை. ஆனால் ஸ்டைனும், அவரிடம் உரிமை வாங்கிய நிறுவனத்தின் சார்பில் பிரிட்டிஷ் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல்லின் மகன் கெவினும் அதே வாரம் அதே நகரத்தில் அதே உரிமைக்காகக் காத்திருந்தார்கள்.

பெலிக்கோவ் தேர்ந்த ஆட்டக்காரர். மூவரையும் தனித்தனியாகச் சந்தித்தார். ஸ்டைனிடம் திருத்திய ஒப்பந்தத்தை நீட்டினார். பணம் தாமதமானால் கட்ட வேண்டிய அபராதம் அதில் கடுமையாக இருந்தது. ஸ்டைனின் கவனம் முழுக்க அதன்மேல் போனது. கணினி என்றால் செயலி, திரை, டிஸ்க் டிரைவ், விசைப்பலகை, இயங்குதளம் எல்லாம் கொண்டது என்ற வரையறை அதே தாளில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. ஸ்டைன் கையெழுத்திட்டார். வீடியோ கேம் கருவியில் விசைப்பலகையும் இல்லை, டிஸ்க் டிரைவும் இல்லை. அது அவர் கையை விட்டுப் போனது. கெவின் மேக்ஸ்வெல்லிடம் பெலிக்கோவ் ரோஜர்ஸின் கார்ட்ரிட்ஜைக் காட்டினார். அது திருட்டு நகலாக இருக்கும் என்று கெவின் சொன்னார். உரிமை தம் நிறுவனத்திடம் இல்லை என்பதை அந்தப் பதிலிலேயே அவர் ஒப்புக்கொண்டதாகிவிட்டது.

கையடக்கக் கருவிக்கான உரிமை ரோஜர்ஸ் வழியாக நின்டெண்டோவுக்குப் போனது. மார்ச் மாதம் அரகாவாவே மாஸ்கோ வந்து வீடியோ கேம் உரிமையையும் எழுதி வாங்கினார். கொதித்துப்போன ராபர்ட் மேக்ஸ்வெல்லின் முறையீடு சோவியத் தலைவர் கோர்பசேவ் வரை எட்டியது. கை மாறிய உரிமையை நம்பி, அட்டாரி கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கிளையான டெங்கன் தன் டெட்ரிஸைத் தயாரித்து விற்பனைக்கு விட்டது. 1989 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கடைகளிலிருந்து அந்தக் கார்ட்ரிட்ஜ்கள் திரும்பி வந்தன.

ஜூலை இறுதியில் கேம் பாய் அமெரிக்காவுக்கு வந்தது. சின்னத் திரை, நிறம் கிடையாது. ஆனால் பெட்டியைத் திறந்தால் உள்ளே டெட்ரிஸ் இருந்தது. பின்னணியில் கொரொபெய்னிகி என்ற ரஷ்ய நாட்டுப்பாடலின் மெட்டு. கேம் பாய் டெட்ரிஸ் மட்டும் 3.5 கோடிப் பிரதிகள் விற்றது. 1993-இல் அலெக்சாண்டர் செரெப்ரோவ் என்ற ரஷ்ய விண்வெளி வீரர் அதை மிர் விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோனார். விற்பனையில் குவிந்த கோடிகளில் பஜித்னோவுக்கு வந்தது ஒன்றுமில்லை. உரிமையைப் பத்தாண்டுகளுக்கு அரசிடம் ஒப்படைத்திருந்த அவர், 1991-இல் அமெரிக்காவில் குடியேறினார். உரிமை அவர் கைக்குத் திரும்பியது 1996-இல். அப்போது அவரோடு கூட்டாக டெட்ரிஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர், மாஸ்கோவில் அவருக்கு அறிமுகமான அதே ஹென்க் ரோஜர்ஸ்.

அதற்குள் டெட்ரிஸ் யாருடைய உரிமைக்கும் அடங்காமல் பரவிவிட்டது. சீனாவில் தயாரான மலிவான பிளாஸ்டிக் கருவிகளுக்குள் புகுந்து அது தமிழ்நாட்டுக்கும் வந்தது. 9999 விளையாட்டுகள் என்று அட்டையில் அச்சிட்டு, திருவிழாக் கடைகளிலும் ஃபேன்சி ஸ்டோர்களிலும் விற்ற பிரிக் கேம் அதுதான். 90ஸ் கிட்ஸ் அண்ணன் தம்பிகளோடு சண்டை போட்டுப் பறித்து ஆடிய அந்தக் கருவியில் விழுந்தவை, எலெக்ட்ரானிகா திரையில் அடைப்புக்குறிகளால் உருவான அதே ஏழு துண்டுகள். எத்தனையோ கைகள் ஆடின, ஒருவரும் வெல்லவில்லை. எஸ், இசட் வடிவத் துண்டுகள் வந்துகொண்டே இருந்தால் எத்தனை திறமையான ஆட்டக்காரரும் கடைசியில் தோற்றே தீர வேண்டும் என்று 1992-இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு நிரூபித்திருந்தது.

ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் இன்னொரு வியப்பை வெளியிட்டார்கள். டெட்ரிஸ் ஆடியவர்கள் தூக்கத்தில் நழுவும் நேரத்தில் கண்ணுக்குள் துண்டுகள் விழுவதைக் கண்டார்கள். நினைவிழப்பு நோயால் தாங்கள் ஆடியதையே மறந்துவிட்டவர்களில் சிலரும் அதைக் கண்டதாகச் சொன்னார்கள். ஆடிய நினைவு அழிந்த பிறகும் ஆட்டம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் தொலைக்காட்சியில் ஆடும் நின்டெண்டோவின் பழைய 1989 டெட்ரிஸை ஆட உட்கார்ந்தான். 157-ஆம் நிலையை எட்டியபோது துண்டுகள் விழுவது நின்றது. விளையாட்டு உறைந்துபோனது. அந்த டெட்ரிஸ் வெளிவந்து 34 ஆண்டுகளில் ஒரு மனிதர் அதை அந்த எல்லைவரை ஆடியது அதுவே முதல் முறை. அன்று ஆட்டத்தை முதலில் கைவிட்டது இயந்திரம்தான், ஆடிய கை அல்ல.