மாத்திரைக்கும் ஒரு வவுச்சர் வேண்டும்



காலை ஆறரை மணிக்கு நம் வாசல் பக்கம் வந்து நின்றால் இரண்டு விதமான வண்டிகளைப் பார்க்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் ஒன்று. கொஞ்ச நேரத்தில் பள்ளி வேன். பஸ்ஸில் அப்பாவோ அம்மாவோ ஏறுகிறார்கள், வேனில் பிள்ளை ஏறுகிறது. உடம்பு சரியில்லாத நாட்களில் பிள்ளையின் பையில் காகிதத்தில் மடித்த ஒரு மாத்திரையும் போகிறது. "மத்தியானம் சாப்பிட்டதும் மிஸ்ஸிடம் கேட்டுப் போட்டுக்கோ."

நானும் அப்படி அனுப்பியவன்தான். போன மழைக்காலத்தில் பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. மருமகள் இரவு ஷிப்ட் முடிந்து வந்து, காய்ச்சல் மருந்தைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனாள். அது தெரியாமல் நானும் ஒரு முறை கொடுத்தேன். பையில் இருந்த மூன்றாவதைப் பள்ளியில் பத்தரை மணிக்கே கொடுத்துவிட்டார்கள். நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்தான் என்னைக் கேட்டார்: "இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் வேண்டாமா சார்? நீங்கள் பேங்கில் இருந்தவர்தானே?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. வங்கியில் நூறு ரூபாய் கொடுப்பதற்கு வவுச்சர் வேண்டும், கையெழுத்து வேண்டும், பேரேட்டில் பதிவு வேண்டும். பெட்டகத்தைத் திறக்க இரண்டு சாவிகள், இரண்டு பேரிடம். குழந்தை வாயில் போடும் மருந்துக்கு மட்டும் ஒரு காகித மடிப்பு போதுமா? இதற்கெல்லாம் உலகம் எப்படி வழி கண்டது என்று தேடிப் படித்தேன். அதில் ஒரு முக்கியமான பாடம் நம் சென்னையிலேயே கிடைத்தது என்பது எனக்குப் புதுச் செய்தி.

பள்ளிக்குள் முதலில் வந்தது மருந்து அல்ல, டாக்டரின் பார்வை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தவேண்டும் என்று இங்கிலாந்து 1907இல் சட்டம் போட்டது. நம் நாட்டில் 1909இல் பரோடா நகரில் அதைத் தொடங்கினார்கள். ஆனால் பரவவில்லை. 1946இல் அறிக்கை கொடுத்த போர் குழு, பள்ளிச் சுகாதாரம் என்ற ஒன்று நாட்டில் பெயரளவுக்குத்தான் இருக்கிறது என்ற கவலையைப் பதிவு செய்தது. 1960இல் ரேணுகா ராய் தலைமையில் இதற்கென்றே ஒரு குழு அமைத்தார்கள்.

இதற்கு நடுவில், 1956இல், சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்தின. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். காசநோயாளியை மருத்துவமனையில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதாதா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்ற விடை 1959இல் வெளியானது. உலகம் முழுவதும் அந்த நோய்க்கான வைத்திய முறையே மாறியது.

அந்த ஆராய்ச்சியில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. மருந்தைக் கொடுப்பது வேறு, அது உள்ளே போவது வேறு என்பதை அவர்கள் கண்டார்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். கடைசியில், வாரத்துக்கு இரண்டே நாள், ஆனால் ஊழியர் கண்முன் மருந்து என்ற முறையைச் சோதித்துப் பார்த்து, அது பலன் தருவதை 1960களில் காட்டினார்கள். 'கண்முன் விழுங்கவை, உடனே எழுதிவை' என்ற இந்தப் பழக்கம் பின்னாளில் பல நாடுகளின் காசநோய்த் திட்டங்களுக்கு அடிப்படை ஆயிற்று.

அதே பழக்கம்தான் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. வளரிளம் பருவத்தினரின் ரத்தசோகையைக் குறைக்க, வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் 2012இல் வந்தது. நீல நிற மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். வெறும் வயிற்றில் கூடாது, ஆசிரியர் முன்னால் விழுங்கவேண்டும். 2015 பிப்ரவரியில் குடற்புழு நீக்க நாள் தொடங்கியபோது தமிழ்நாடும் முதல் வரிசையில் இருந்தது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் என்றால் பாதி. மென்று சாப்பிடவேண்டும். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு அன்று தரக்கூடாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் கூடாது. ஒவ்வொரு விதியும் நம் வங்கிக் கையேடு மாதிரி ஏதோ ஒரு தவறைத் தடுக்க எழுதியதுதான்.

விதி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஊட்டி காட்டியது. 2023 மார்ச் மாதம், அங்கே ஒரு நகராட்சிப் பள்ளியில், இதே இரும்புச்சத்து மாத்திரைகள் பிள்ளைகளின் கையில் மொத்தமாகக் கிடைத்தன. யார் அதிகம் விழுங்குவது என்று விளையாட்டாகப் போட்டி போட்டார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு மாணவி பிழைக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பெண்.

கணக்குப் பிள்ளையாக யோசித்துப் பாருங்கள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் என்றால் பத்தில் 600, இருபதில் 1,200. வாரம் ஒன்று என்றால் ரத்தம் ஊறச் செய்யும் அதே இரும்பு, மொத்தமாக உள்ளே போனால் முதலில் குடலைப் புண்ணாக்கும், பிறகு கல்லீரலைக் கெடுக்கும். நல்ல மருந்து, நல்ல திட்டம். பெட்டகத்தின் சாவிதான் கைமாறிவிட்டது.

அதற்காக எல்லா மருந்தையும் பூட்டி வைத்துவிடலாமா? அதுவும் தவறு. வீசிங் உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். மூச்சு திணறும் நேரத்தில் பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. இன்சுலினும் அப்படியே. 1922இல் கனடாவின் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டவனே 14 வயதுப் பையன்தான். பள்ளியில் படிக்கும் முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள், வகுப்பிலேயே சர்க்கரையைச் சோதிக்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், இடையில் ஏதாவது சாப்பிடவும் அனுமதிக்கவேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஒரே வருடத்தில் இரண்டு பாடங்கள். ஒன்று பூட்டச் சொல்கிறது, ஒன்று திறக்கச் சொல்கிறது. எந்த மருந்துக்கு எது என்பதை டாக்டரும் பெற்றோரும் பள்ளியும் முன்கூட்டியே பேசி எழுதிவைப்பதுதான் வழி.

நாம் செய்யக்கூடியது பெரிதல்ல. பள்ளியில் மருந்து கொடுத்தே ஆகவேண்டுமா என்று முதலில் டாக்டரைக் கேளுங்கள். காலை, மாலை, இரவு என்று வேளையை மாற்றித் தர முடிகிற மருந்துகள் நிறைய உண்டு. முடியாது என்றால், மருந்துச் சீட்டின் நகலோடு ஒரு கடிதம் எழுதுங்கள்: பிள்ளையின் பெயர், வகுப்பு, மருந்தின் பெயர், அளவு, மணி, எத்தனை நாள், ஒவ்வாமை உண்டா, அவசரத்துக்கு உங்கள் போன் எண். மருந்தை அதன் சொந்த அட்டையிலோ பாட்டிலிலோ, தேவையான அளவு மட்டும், பெரியவர் கையால் பெரியவர் கையில் கொடுங்கள். கொடுத்த நேரத்தை எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். மீதியைத் திரும்ப வாங்குங்கள். கொடுக்க மறுக்கும் பள்ளியிடம் கோபப்படவேண்டாம். எழுத்தில் கேட்கும் ஆசிரியர் நம் பிள்ளையைத்தான் காப்பாற்றுகிறார்.

எங்கள் வீட்டில் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் தொங்குகிறது. மருந்து கொடுத்தவர் நேரத்தையும் பெயரையும் எழுதவேண்டும். ஷிப்ட் முடிந்து வரும் மருமகள் செருப்பைக் கழற்றியதும் முதலில் அதைத்தான் பார்க்கிறாள். "மாமா, ஏழு மணி வேளைக்கு உங்கள் கையெழுத்து இல்லையே" என்று போன வாரம் என்னையே பிடித்துவிட்டாள். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் வவுச்சரில் குறை கண்டவனுக்கு இது வேண்டியதுதான்.