நோன்புக் கஞ்சியும் கணைய நீரும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரமாகத் தொடர்ந்து செல்லும் முஸ்லிம் ஊர்களில், ரமழான் மாதத்து அஸர்த் தொழுகைக்குப் பின்னர் பள்ளிவாசல் கிடாரத்திலிருந்து வீட்டுக்கு வீடு பாத்திரங்களில் போய்ச் சேரும் நோன்புக் கஞ்சி, அரிசியோடு இஞ்சி, உள்ளி, வெந்தயம், ரம்பை இவற்றையும், தேங்காய்ப்பாலையும், வசதியுண்டாயின் இறைச்சியையும் சேர்த்துக் காய்ச்சப்படுவது. இக்கஞ்சியிலுள்ள கொழுப்பும் புரதமுமே சிறுகுடலின் மேற்பாகத்தைத் தூண்டி, கணையத்திலிருந்து ஜீரண நீரை வருவிப்பவை. பகல் முழுதும் ஓய்ந்திருந்த அவ்வுறுப்பு நோன்பு துறந்த சிறிது நேரத்திற்குள் எவ்வாறு விழித்துக்கொள்கிறது என்பதற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு.

இக்கரையோரத்து ஹக்கீம்கள் கையாண்ட யூனானி வைத்தியம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு சீனா தொகுத்த சாஸ்திரத்தைப் பிரமாணமாகக் கொண்டது. அது ஜீரணத்தை இரைப்பையில் தொடங்கிக் கல்லீரல் வழியாக அவயவங்கள் வரை நான்கு படிகளாக வகுத்துக் கூறியது. கணையத்திற்கோ அதில் பெரிய ஸ்தானமில்லை. ரத்தக் குழாய்களைத் தாங்கும் மெத்தை என்றே கிரேக்க வைத்தியர் காலன் காலம் முதல் எண்ணி வந்தனர். 1642இல் பாதுவா நகரில் விர்சங் அதன் நாளத்தைக் கண்ட பின்னரும், அதன் தொழில் விளங்க இருநூறு ஆண்டுகள் சென்றன.

நரம்புகளே கணையத்தை ஆளுகின்றன என்பது ருஷ்ய நிபுணர் பாவ்லோவின் சித்தாந்தம். 1902 ஜனவரியில் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் சிறுகுடல் துண்டொன்றை நரம்புகள் யாவற்றினின்றும் பிரித்து, அதனுள் அமிலத்தைச் செலுத்தினர். நரம்புத் தொடர்பற்ற நிலையிலும் கணைய நீர் சுரந்தது. ரத்தத்தின் வழியே செல்லும் அந்தத் தூதுப் பொருளுக்கு ‘செக்ரெட்டின்’ என்று பெயரிட்டனர். 1928இல் பித்தப்பையைச் சுருக்கும் கொலிசிஸ்டோகைனினும், 1943இல் நொதிகளைச் சுரப்பிக்கும் பாங்க்ரியோசைமினும் தனித்தனியே அறியப்பட்டன. இவ்விரண்டும் 33 அமினோ அமிலங்களாலான ஒரே பெப்டைட் என்பதை ஸ்டாக்ஹோமில் யோர்ப்பெஸும் முட்டும் 1960களில் நிறுவினர். நரம்பு தோற்றது, ஹார்மோன் வென்றது என்றே பலரும் கருதினர்.

அவ்வளவு எளிதில் வழக்கு முடியவில்லை. 1985இல் ஒரு மண் பூஞ்சணத்திலிருந்து கிடைத்த ஆஸ்பெர்லிசின், அப்பெப்டைட் பற்றிக்கொள்ளும் ஏற்பியில் தான் முந்திச் சென்று அமர்ந்து, அதற்கு இடமில்லாமற் செய்வதாகத் தெரிந்தது. அதைத் தழுவிச் செய்த டெவாசெபைட் முதலிய தடுப்பான்களைக் கொண்டு, எந்தத் தூதன் எவ்வளவு வேலை செய்கிறான் என்று அளக்க முடிந்தது. மனிதரில் இவ்வகைத் தடுப்பானால் உணவுக்குப் பின் சுரக்கும் நொதிகள் ஓரளவே குறைந்தன. நரம்புச் செய்தியை மறிக்கும் அட்ரோபின் கொடுத்தபோதோ மிகுதியாகக் குறைந்தன. ஆகவே மனிதரில் அந்த ஹார்மோன் பெரும்பாலும் வேகஸ் நரம்பைத் தூண்டியே கணையத்தை வேலை வாங்குகிறது என்ற அபிப்பிராயம் வலுப்பெற்றது. பாவ்லோவுக்கும் ஸ்டார்லிங்குக்கும் பாதிப் பாதி நியாயம் கிடைத்ததென்று சொல்ல வேண்டும்.

இதில் எனக்கு வியப்பளிப்பது மற்றொன்று. யூனானி வைத்தியர்கள் வலி தணிக்கவும் உறக்கம் வருவிக்கவும் பயன்படுத்திய குரோசாணி ஓமத்திலும், நம் தெருவோரத்து ஊமத்தையிலும் இருப்பது அதே அட்ரோபின் இனத்துச் சத்துத்தான். நாவை உலரச் செய்யும் அதன் குணத்தை ஹக்கீம்கள் அறிந்திருந்தனர். அது கணையத்தையும் அடக்கும் என்பதை அறிய அவர்களுக்குச் சாதனமில்லை.

1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தம், ஆயுர்வேதம் ஆகியவற்றோடு யூனானியையும் இலங்கையில் அங்கீகரித்தது. குரோசாணி ஓமம் அம்முறையின் மருந்துச் சரக்குகளில் இன்றும் இடம்பெறுகிறது. ஆய்வுகூடத்துத் தடுப்பான்களோ கணைய நோய்க்கு நிலைபெற்ற மருந்தாக இதுவரை வழங்கவில்லை.