வார்னிஷ்: ஓர் அரசியின் பெயர் எஞ்சினுக்குள் வந்த வழி

பொரளைச் சந்தியைச் சுற்றியுள்ள கராஜ்களில் பழைய பெற்றோல் கார் ஒன்றின் டெப்பட் கவரைக் கழற்றினால் இரண்டு வகை அழுக்கு கண்ணில் படும். ஒன்று, மூடியின் உட்புறத்திலும் மூலைகளிலும் திரண்டிருக்கும் கரிய களி. மற்றது, உலோகத்தின் மேல் பொன்னிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை படிந்து, துணியால் துடைத்தாலும் போகாத மெல்லிய பூச்சு. முன்னதை மண்டி என்கிறோம். பின்னதற்கு வார்னிஷ் என்று பெயர். யாரும் தூரிகை கொண்டு பூசாத ஒன்றுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

சொல்லின் வேர் லிபியாவில் இருக்கிறது. இன்றைய பெங்காசி நகரின் பழைய பெயர் பெரெனிக்கே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமியின் அரசி பெரெனிக்கேயின் பெயரால் விளங்கிய நகர் அது. வெற்றியைக் கொண்டு வருபவள் என்பது அப்பெயரின் பொருள். போருக்குச் சென்ற கணவன் நலமாகத் திரும்புவதற்காக அவள் தன் கூந்தலைக் காணிக்கையாக்கினாள் என்பது கதை. வானில் ஒரு விண்மீன் கூட்டம் இன்றும் அவள் கூந்தலின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பின்னாளில் மணமுள்ள ஒரு பிசினுக்கும் இந்தப் பெயரே வழங்கியது. நகரின் பெயர் பொருளுக்கு ஆகிவந்தது என்பதே சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. நம் இலக்கணம் இதை இடவாகுபெயர் என்னும். இடைக்கால இலத்தீனில் வெரோனிக்ஸ், பிரெஞ்சில் வெர்னி, ஆங்கிலத்தில் வார்னிஷ் என்று சொல் உருமாறியது. போர்த்துக்கேயருக்கு அது வெர்னிஸ். கதிரை, அலுமாரி ஆகிய சொற்களை நமக்குத் தந்தவர்கள் அவர்கள். ஆனால் அவற்றின் மேல் பூசும் எண்ணெய்க்கு ஆங்கிலேயரின் உச்சரிப்பே தமிழில் நிலைத்தது.  

மரத்துக்குரிய இந்தப் பெயர் இரும்புக்குப் போனதை, தோற்றம் ஒத்திருப்பதால் வந்த உவமையாகுபெயர் என்று மட்டும் கொள்வது போதாது. பொரளைக் கனத்தை மயானத்தை அண்டிய மலர்ச்சாலைகளில் மரப்பெட்டிகள் பளபளக்கின்றன. பழைய முறை வார்னிஷில் அந்தப் பளபளப்பைத் தருவது ஆளிவிதை எண்ணெயும் பிசினும். அந்த எண்ணெய் நீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான படலமாகிறது. எஞ்சினிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. சூடேறிய ஒயில் ஒட்சிசனோடு கூடுகிறது. பிஸ்டனைத் தாண்டிக் கசியும் எரிந்த வாயுவிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகள் அதை விரைவுபடுத்துகின்றன. பிணைந்து பெருத்த மூலக்கூறுகள் ஒயிலில் கரைந்திருக்க முடியாமல் சூடான உலோகத்தில் ஒட்டி இறுகுகின்றன. தச்சுப் பட்டறையில் நாம் விரும்பிச் செய்விப்பதை எஞ்சின் நம்மைக் கேளாமல் செய்துகொள்கிறது. ஆகவே பெயர் மிகச் சரியானது.

இதே படலத்தைப் பொறியியலாளர் 'லாக்கர்' என்றும் சொல்வதுண்டு. இது நம் பக்கத்துச் சொல். அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் பிசினுக்கு வடமொழியில் லாக்ஷா என்று பெயர். அது பாரசீகத்திலும் அரபியிலும் புகுந்து, போர்த்துக்கேயர் வாயிலாக ஐரோப்பாவில் பரவியது. மாத்தளைக்கு அருகே பல்லே ஹப்புவித கிராமத்தில் நகத்தால் அரக்கை இழுத்துச் செய்யும் வேலைப்பாட்டுக்குச் சிங்களத்தில் இன்றும் லாக்ஷா என்பதே பெயர். வார்னிஷ் மேற்கிலிருந்து வந்தது. லாக்கர் இங்கிருந்து போனது. இரண்டும் ஒரே பழுப்புப் படலத்தில் சந்தித்தன.

மண்டியின் கதை வேறு. எண்ணெயின் அடியில் தங்குவதைக் குறிக்கக் கசடு, கசண்டு, மண்டி, வண்டல் என்று தமிழில் சொற்கள் பல. திருவள்ளுவர் கல்வி அதிகாரத்தின் முதற் குறளிலேயே கசடு என்ற சொல்லை ஆள்கிறார். எஞ்சினில் மண்டி சேர்வதற்குச் சூட்டுக் குறைவும் காரணம். வீட்டிலிருந்து பாடசாலைக்கும் சந்தைக்குமாகச் சிறு தூரம் மட்டும் ஓடும் கார் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் ஒயிலில் கலக்கிறது. எரியாத பெற்றோலும் கரித்தூளும் சேர்ந்து களியாகின்றன. ஒயிலில் கலந்திருக்கும் மருந்துகள் கரித்துகளைத் திரளவிடாமல் பிரித்து வைக்கின்றன. ஒயில் மாற்றும் தவணை தவறினால் அவையும் வலுவிழக்கின்றன.

இரண்டும் வேறானபடியால் துப்புரவும் வேறு. மண்டியைக் கரைக்க மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி எஞ்சினை ஓடவிடும் பழக்கம் ஆபத்தானது. ஒயில் நீர்த்து, உராயும் பாகங்களைக் காக்கும் படலம் மெலிகிறது. பெயர்ந்த கட்டி சம்புக்குள் இருக்கும் ஒயில் வடியை அடைத்தால், ஒயில் கிடைக்காமல் பெயாரிங்குகள் தேய்ந்து எஞ்சினே பிடித்துவிடும். தடித்த மண்டிக்கு ஏற்ற வழி, சம்பையும் டெப்பட் கவரையும் கழற்றிக் கையால் வழித்து, வடியைக் கழுவி, வாயு வெளியேற்றும் பிசிவி வால்வையும் பார்ப்பதுதான்.

வார்னிஷ் வழித்தால் வராது. கம்பித் தூரிகையால் அலுமினியத்தைச் சுரண்டினால் துகள்கள் பெயாரிங்குக்குப் போகும். மெல்லிய பூச்சாக இருப்பது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டு, ஒயில் எரிந்து நீலப்புகை வரும்போதுதான் அது நோய். தரமான ஒயிலை ஊற்றி, குறுகிய இடைவெளியில் ஒயிலையும் பில்டரையும் மாற்றிக்கொண்டே வந்தால் ஓரளவு கரையும். கரையாவிட்டால் எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழில் மோட்டார் தொழில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்றுக்கு மண்டி, மற்றதற்கு அரக்குப்படலம் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுங்கள். வார்னிஷ் என்ற சொல்லும் கூடவே இருக்கட்டும். இரண்டையும் 'ஊத்தை' என்று ஒரே சொல்லில் அடக்கினால் இரண்டுக்கும் ஒரே மருந்து தேடுவார்கள். அதற்கு விலை கொடுப்பது எஞ்சின்.