காயில் கட்டும் கடையின் கணக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையடிவாரம் நோக்கிச் சென்றால் கரும்பும் மரவள்ளியும் நெல்லும் மாறிமாறி வருகின்றன. கோமுகி அணையின் நீர் எட்டாத நிலங்களில் இவற்றைக் காப்பது கிணற்று மோட்டார்தான். 'லோ வோல்டேஜ்ல காயில் போயிடுச்சு' என்பது இப்பகுதி உழவரின் பழகிப்போன புலம்பல். அந்த ஒற்றை வரிக்குள் இருநூறாண்டு இயற்பியலும் அரை நூற்றாண்டுத் தமிழக அரசியலும் சேர்த்துச் சுற்றப்பட்டிருக்கின்றன என்று நாம் கருதுகிறோம்.

கெயோர்க் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரப் பள்ளி ஆசிரியர். ('ஓம் விதி' என்று முதன்முறை படிக்கையில் பிரணவத்தை நினைத்துக்கொள்ளாத தமிழ் மாணவர் குறைவு.) அக்கால மின்கலங்கள் நிலையாக நிற்காமல் தளர்ந்துகொண்டே இருந்தன. எனவே அவர் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அசையாத மின்மூலம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டார். வெவ்வேறு நீளச் செம்புக் கம்பிகளை அதில் பொருத்தி அளந்தார். 1827இல் நூல் வெளியானது; வரவேற்பு கசப்பாக இருந்தது; வேலையையும் விட்டார். இலண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் வழங்கியது 1841இல்தான். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை என்று இன்று பள்ளிப்பிள்ளைகள் ஒப்பிக்கும் வாய்பாட்டின் பின்கதை இது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஜேம்ஸ் ஜூல், கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பெருக்கியதற்கு ஏற்ப உயரும் என்று காட்டினார். நம் கதையில் வில்லன் அந்த வர்க்கம்தான்.

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் திறன். பத்தாயிரம் வாட்டை 250 வோல்ட்டில் அனுப்ப 40 ஆம்பியர் வேண்டும். கம்பியின் தடை ஒரு ஓம் என்றால் 1,600 வாட் வழியிலேயே சூடாகிப் போகும். அதையே 11,000 வோல்ட்டில் அனுப்பினால் ஓட்டம் ஓர் ஆம்பியருக்கும் குறைவு. இழப்பு ஒரு வாட்டைத் தொடாது. 1932இல் பைக்காராவும் 1937இல் மேட்டூரும் தொலைதூர ஊர்களுக்கு ஒளி தர முடிந்தது இக்கணக்கால். 1962இல் நெய்வேலியில் அனல்மின் உற்பத்தி தொடங்கியபோது அதுவும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. ஆயினும் உயரழுத்தம் மின்மாற்றியோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் வயல்வெளியில் நீளும் தாழ்வழுத்தக் கம்பியில் ஒவ்வொரு மோட்டாரும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்ன, கடைசிக் கம்பத்துக்காரருக்கு மிச்சம்தான்.

இங்கேதான் பள்ளிப்பாடம் உழவரை ஏமாற்றுகிறது. அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையும் என்பது குண்டு பல்புக்கு ஏறக்குறையப் பொருந்தும். கிணற்று மோட்டாருக்குப் பொருந்தாது. நீரை மேலேற்றும் சுமை அப்படியே இருப்பதால், குறைந்த வோல்ட்டை ஈடுகட்ட அது கூடுதல் ஆம்பியரை இழுக்கும். ஐந்து குதிரைத்திறன் என்பது 3,730 வாட். செயல்திறன் 80 விழுக்காடு என்று கொண்டால் மோட்டார் கேட்பது சுமார் 4,660 வாட். திறன்காரணி 0.8 என்றால், மும்முனையில் 415 வோல்ட் வரும்போது ஓட்டம் 8.1 ஆம்பியர், 330க்கு இறங்கினால் 10.2. ஆம்பியர் கால் பங்குதான் கூடியது, காயிலின் வெப்பமோ வர்க்கக் கணக்கில் ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. ஃபீஸ்கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் தடுக்க எவருமில்லை; காயில் கருகும்.

அளவீடு ஒரு காலத்தில் உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. 1970இல் யூனிட் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையிலான உழவர்கள் கோவை நகரை மாட்டுவண்டிகளால் நிறைத்தனர். சண்டை யூனிட்டுக்கு ஓரிரு பைசாவைப் பற்றியது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு உழவருக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1990இல் கருணாநிதி அரசு எல்லா உழவருக்கும் அதை விரித்தது. 2003இல் பறிக்கப்பட்ட அச்சலுகை 2004இல் மீண்டது. இன்றும் மீட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் உழவர் திடுக்கிடுவதில் நியாயம் உண்டு. மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்ற அச்சம் அது.

ஆனால் மீட்டர் போனபோது யூனிட்டோடு வோல்ட்டின் கணக்கும் போய்விட்டது என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை. பெரும்பாலான வேளாண் இணைப்புகளில் பதிவாகியிருப்பது குதிரைத்திறன் மட்டுமே. கடைக்கோடிக் கம்பத்துக்கு எத்தனை வோல்ட் வந்தது என்பதற்கு உழவர் கையில் சான்றில்லை. கட்டணம் கேட்காத மீட்டர் ஒன்றைக் கோரி ஒரு போராட்டம் நடந்திருக்கலாம்.

இப்போதைக்கு அவருடைய மின்கட்டணம் காயில் கட்டும் கடையில் வசூலாகிறது. கருகிய செம்பைப் பிரித்து, புதுக்கம்பியை எடைபோட்டு, கடைக்காரர் தொகையைச் சொல்கிறார். கரும்பு வாடுகிறதே என்றால், மோட்டார் நாளை மாலைக்குக் கிடைக்கும் என்கிறார்.