குற்றவாளிக்கு அந்தரங்கம் இல்லையா? மல்கானி தீர்ப்பின் ஒரு வாசகம் குறித்து

சட்டவிரோதமாகப் பெறப்பட்ட சாட்சியமாயினும், வழக்குக்குத் தொடர்புடையதாக இருப்பின் அது ஏற்கத்தக்கதே என்னும் கொள்கை, அரை நூற்றாண்டுக் காலமாக இந்திய நீதிமன்றங்களில் சித்தாந்தமாகவே வழங்கி வருகிறது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்குகளுக்கும் அக்கொள்கையை அப்படியே பொருத்துவோர் அனைவரும் பிரமாணமாகக் காட்டுவது மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972இல் அளித்த தீர்ப்பையே. அத்தீர்ப்பு அவர்கள் சுமத்தும் பாரத்தைத் தாங்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழக்கின் சங்கதிகளை முதலில் நோக்குதல் வேண்டும். பம்பாயில் மரண விசாரணை அதிகாரியாக இருந்த ஒருவர் மருத்துவரிடம் லஞ்சம் கேட்டார் என்பது குற்றச்சாட்டு. உரையாடலில் கலந்துகொண்ட இன்னொரு மருத்துவர் தாமே மனமுவந்து இசைந்த பின்னரே, போலீசார் அவருடைய தொலைபேசியில் ஒலிப்பதிவுக் கருவியை இணைத்தனர். பேசுபவருள் ஒருவர் சம்மதித்தமையால் இது 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தை மீறியதாகாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மீறலே இல்லையென்று கண்ட பிறகு, மீறல் இருந்தாலும் சாட்சியம் செல்லும் என்று அது கூறியது, தீர்மானத்துக்கு அவசியமற்ற உபரி அபிப்பிராயமன்றி வேறன்று. இருவர் அறியாமல் அரசு மூன்றாவது செவியாக நுழையும் வழக்குக்கு அதனை விதியாக்குவது தர்க்கத்துக்கு ஒவ்வாதது.

எனினும், அந்தரங்கம் பற்றிய மறுப்புக்கு அத்தீர்ப்பு அளித்த விடையே நம் கவனத்தை முழுமையாகக் கோருகிறது. குற்றமற்ற குடிமகனின் உரையாடலை நீதிமன்றம் காக்கும். ஆனால், போலீசார் சட்டத்தை நிலைநாட்ட முயல்கையில் அவர்களுக்கு எதிராகக் குற்றவாளிக்கு அப்பாதுகாப்பு இல்லை என்பது அதன் சாரம். அதே தீர்ப்பு போலீசார் முறைதவறிய வழிகளில் சாட்சியம் தேடுவதைப் பொறுப்பதற்கில்லை என எச்சரித்ததையும் மறைக்கலாகாது. ஆயினும், அந்தப் பாகுபாடு நிற்குமா? ஒருவர் குற்றவாளி என்பது விசாரணையின் முடிவில் தெரியவருவது. சாட்சியத்தை ஏற்பதா மறுப்பதா என்பதோ விசாரணையின் நடுவில் எழும் வினா. முடிவைக் கொண்டு வழியை நியாயப்படுத்துவோமாயின், ஒட்டுக்கேட்ட பதிவே குற்றத்தை நிரூபிக்கும், நிரூபிக்கப்பட்ட குற்றமே பதிவைச் சுத்திகரிக்கும். இச்சுழலுள் உரிமைக்கு இடமே இல்லை. மேலும், அரசியலமைப்பின் 21ஆம் ஷரத்து எந்த நபருக்கும் பொருந்துவது. நற்குணத்துக்குப் பரிசாக வழங்கப்படுவதன்று.

ஐந்து நீதிபதிகள் அமர்ந்து 1973இல் அளித்த பூரன்மல் தீர்ப்பு இதைவிட வலியது என்பதை மறுப்பதற்கில்லை. வருமான வரிச் சோதனையில் கைப்பற்றியவை பற்றிய அத்தீர்ப்பு இரண்டு தூண்களின்மேல் நின்றது. ஒன்று, நம் அரசியலமைப்பில் அந்தரங்க உரிமையைத் தேடிப் புகுத்துவதற்கில்லை என்ற 1954ஆம் ஆண்டின் எம்.பி. சர்மா தீர்ப்பு; ஒன்பது நீதிபதிகள் 2017இல் புட்டசாமி வழக்கில் அத்தீர்ப்பின் அப்பகுதியையே நீக்கிவிட்டனர். மற்றொன்று, அரசியலமைப்பிலோ பிற சட்டத்திலோ வெளிப்படையான அல்லது அவசியமாக உய்த்துணரத்தக்க தடை இல்லாத வரையில் சாட்சியம் ஏற்கத்தக்கது என்ற நிபந்தனை. அறிஞர் பலர் விரைந்து கடந்துபோகும் இந்நிபந்தனையே இன்று முதன்மை பெறுகிறது. அந்தரங்கம் 21ஆம் ஷரத்தின் உள்ளடக்கமாகிவிட்ட பின்னர், அதனைக் குலைத்துப் பெற்ற ஒலிப்பதிவுக்கு அத்தடை இல்லையென்று சொல்வது எங்ஙனம்? பூரன்மல் தீர்ப்பை நிராகரிக்க வேண்டிய தேவையில்லை. அதன் சொந்த வாசகத்தையே முற்றும் படித்தால் போதும்.

தந்திச் சட்டத்தின் விதிகள் பிறழ்ந்தாலும் சாட்சியம் கெடாது என்று 2005இல் பாராளுமன்றத் தாக்குதல் வழக்கில் கூறப்பட்டது உண்மையே. அது புட்டசாமிக்கு முந்தியது, மல்கானியைச் சார்ந்தது. மாறாக, பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் ஒட்டுக்கேட்பு ஆணைகளை ரத்துசெய்து பதிவுகளை அழிக்கவும் உத்தரவிட்டது. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்னும் நிபந்தனை நிறைவேறாத ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றமும் 2025இல் ரத்துசெய்தது. ஒட்டுக்கேட்பு ஆணைகளைப் பரிசீலிக்கும் மறுஆய்வுக் குழுவின் முன் ஒரு தாள் தாமதமாக வைக்கப்பட்டதற்கும், ஆணை பிறப்பிக்கும் அதிகாரமே இல்லாமைக்கும் உள்ள வேற்றுமையை நான் மறுக்கவில்லை. பின்னதற்கே, சாட்சியத்தை ஏற்க மறுக்கும் விலக்கு விதியை வற்புறுத்துகிறேன்.

கணவன் மனைவியின் தொலைபேசிப் பேச்சை இரகசியமாகப் பதிவு செய்ததை உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்றதை எடுத்துக்காட்டும் வாதம் பொருந்தாது. அங்கே ஒட்டுக்கேட்டது அரசன்று. குற்றவாளிகள் தப்பிவிடுவர் என்னும் அச்சமும் மிகையே. பிற சாட்சியம் உள்ள வழக்கு பிழைக்கும், ஒட்டுக்கேட்டதையன்றி வேறொன்றுமில்லாத வழக்கோ அந்நிலையில் தொடங்கியிருக்கவே கூடாதது. பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என 1885ஆம் ஆண்டின் சட்டம் விதித்த அதே இரு நிபந்தனைகளை 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் 20ஆம் பிரிவில் ஏற்றிருக்கிறது. அவற்றை மீறுவதால் அரசுக்கு எந்த இழப்பும் நேராத வரையில் அவை ஆணைகளாகா, வேண்டுகோள்களாகவே நிற்கும். உரிமையை வழங்கிவிட்டு அதன் மீறலால் விளைந்த பயனை அரசிடமே விட்டுவைப்பது நீதிமன்றத்துக்கு அழகன்று.