ஒப்பந்தமும் கவிதையும்

இரு நாடுகளின் அயல்நாட்டுக் கொள்கை நம் லயத்து வாசல்வரை வந்த வரலாற்றை மூத்தோர் அறிவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தம், 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்பதென விட்டது. மலையகத் தலைவர்களின் இசைவு பெறப்படவில்லை.

அதற்கு முன்னரே அம்மக்களின் கதையை ஆங்கிலக் கவிதையாக்கியிருந்தார், மடகும்புர தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானவரும் அவரே. துரைமாரின் மொழி, அவர் கையில் தொழிலாளரின் முறையீடாயிற்று. சக்தீ பாலையா அதனைத் தமிழாக்கினார்.

எஞ்சியோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இளைஞர்களே, பிறமொழி பயிலுங்கள்! நம்மைப்பற்றி எழுதப்படும் ஒப்பந்தங்களை நாமே வாசித்தல் வேண்டும். நம் கதையை நாமே உலகுக்குச் சொல்லல் வேண்டும்.