இயேசுவின் சிறிய சகோதரர்

இயேசுவின் சிறிய சகோதரர் என்பது, ஏழைகளுக்கு உபகாரம் செய்வதைக் காட்டிலும் ஏழைகளோடு ஏழைகளாய் ஜீவிப்பதையே பக்தியின் பூரண வடிவமாகக் கொண்ட கத்தோலிக்கத் துறவற சபையொன்றின் பெயராகும். 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், பாரீஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றிலுள்ள திருஇருதயப் பேராலயத்தில் ரெனே வொய்யோம் என்ற 28 வயதுக் குருவும் அவர்தம் நண்பர் நால்வரும் துறவுடை தரித்து, அல்ஜீரியப் பாலைவனத்தின் ஓரத்திலுள்ள எல் அபியத் சிதி ஷேக் என்னும் ஊருக்குப் புறப்பட்டுச் சென்றதே இதன் தொடக்கம்.

இவ்விளைஞர்களை அங்கே அழைத்தவர், 17 ஆண்டுகளுக்கு முன்பே மாண்டுபோன ஒருவர். 1858இல் ஸ்திராஸ்பூரில் பிறந்து, குதிரைப்படை அதிகாரியாய் இருந்து, பிதிரார்ஜித சொத்தைக் களியாட்டத்தில் கரைத்து, 1886இல் மனந்திரும்பிய சார்ல் தெ ஃபூக்கோ, நாசரேத்தில் முப்பதாண்டுக் காலம் ஊர்பேர் தெரியாத தச்சனாய் இயேசு வாழ்ந்த மறைவான வாழ்வையே தாமும் வாழ விரும்பி, 1905 முதல் சகாராவின் நடுவிலுள்ள தமன்ராசெட்டில் துவாரெக் மக்களிடையே குடியிருந்தார். தம்மைப் பின்பற்றுவோருக்கென்று அவர் விதிமுறைகளை எழுதி வைத்தார். ஆனால் 1916 டிசம்பர் 1ஆம் நாள் கொள்ளையர் கையால் சுடப்பட்டு இறக்கும்வரை அவரோடு நிலைத்துத் தங்கியவர் ஒருவருமிலர். 2022இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் சரித்திரத்தில் எல்லாவற்றிலும் பெரியதென நாம் கருதுவது 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது: மழை பொய்த்து ஊரே பசித்திருந்த நாளில், தம்மிடமிருந்த தானியத்தையெல்லாம் கொடுத்துவிட்டு எழுந்திருக்கவும் வலுவின்றி அவர் கிடந்தபோது, அக்கம்பக்கத்து ஆடுகளிடம் மிஞ்சியிருந்த சொற்பப் பாலைக் கறந்து ஒன்றுசேர்த்து ஊட்டி, அந்தத் துவாரெக் மக்களே அவர் உயிரைக் காத்தனர். கொடுக்க வந்தவர் வாங்கிக்கொள்ளக் கற்றார்; அன்று முதல்தான் அவர்கள் அவருக்கு அண்டைவீட்டார் ஆயினர்.

தொடக்கத்தில் பாலைவன மடமொன்றில் அடைபட்டிருந்த சகோதரர்கள், 1947இல் பிரான்சு நாட்டின் எக்ஸ் நகரில் தொழிலாளரிடையே முதல் இல்லத்தை அமைத்த பின்னர், சபையின் போக்கே மாறிற்று. மூவர் நால்வராய்ச் சேர்ந்து ஏழைகளின் தெருவில் வீடெடுத்து, ஆலையிலோ, சுரங்கத்திலோ, மீன்பிடி படகிலோ கூலிக்கு உழைத்து, அக்கூலியிலேயே உண்டு, மாலையில் கரிபடிந்த கையோடு வீடு திரும்பி, ஓர் அறையில் எழுந்தருளிய நற்கருணையின் முன்னே ஒரு மணி நேரம் மௌனமாய் ஆராதிப்பதே அவர்களது நித்திய அனுஷ்டானம். பள்ளிக்கூடமோ, மருத்துவமனையோ, அநாதை விடுதியோ அவர்கள் நடத்துவதில்லை. இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியைப் புறக்கணித்தல் நியாயமன்று. அதற்கு விடையை, இதே வழியில் எழுந்த பெண் துறவியர் சபையின் வரலாற்றில் காணலாம்.

1939இல், அதே செப்டம்பர் 8ஆம் நாளில், மக்தலேன் ஊத்தேன் அம்மையார் அல்ஜீரியாவின் தூகூர் பகுதியில் நாடோடி மக்களிடையே இயேசுவின் சிறிய சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1952இல் அச்சகோதரிகள் சிலர் பிரேசிலின் மாத்தோ குரோசோ வனப்பகுதிக்குச் சென்றபோது, தபிராப்பே என்னும் பழங்குடி நோயாலும் பகைவர் தாக்குதலாலும் சிதைந்து, ஏறக்குறைய 50 பேரே எஞ்சி, குழந்தை பெறவும் மனமற்றிருந்தது. சகோதரிகள் அம்மக்களைப் போலவே ஓலைக் குடிசை வேய்ந்து, மரவள்ளி பயிரிட்டு, அவர்கள் உண்டதையே உண்டு, நோயுற்றோர்க்கு மருந்திட்டு, அவர்தம் மொழியையும் சடங்குகளையும் மதித்து வாழ்ந்தனர். மதம் மாறும்படி ஒருவரையும் வற்புறுத்தவில்லை. தங்கள் வாழ்வு வாழத்தக்கதே என்று வெளியுலகிலிருந்து வந்த யாரோ நம்பியதைக் கண்ட அக்குடி மெல்ல மெல்லத் தழைத்துப் பல நூறு பேராகப் பெருகிற்று. முதலில் சென்றவர்களுள் ஒருவரான ஜெனவியேவ் என்ற பிரெஞ்சு நங்கைக்கு அப்போது வயது 29. அறுபதாண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்து 2013இல் தமது 90ஆம் வயதில் அவர் காலமானபோது, தபிராப்பே மக்கள் தங்கள் குல வழக்கப்படி அவர் வாழ்ந்த வீட்டின் தரையிலேயே குழி தோண்டி, தூளிபோல் தொங்கவிட்ட படுக்கையில் அவரைக் கிடத்தி அடக்கம் செய்தனர்.